பேட்டரியைக் கழற்றினால் இம்மொபிலைசர் ரீசெட் ஆகாது
"சாவி லைட் மின்னி, வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரி வயரைப் பத்து நிமிஷம் கழட்டி மாட்டுங்க, இம்மொபிலைசர் ரீசெட் ஆயிரும்"னு ஒரு பதிவுல போட்டிருக்காங்க. தப்பு அண்ணாச்சி. இம்மொபிலைசர்ங்கிறது சரியான சாவி இல்லாம இன்ஜினை ஓட விடாத எலக்ட்ரானிக் பூட்டு. சாவிக்குள்ள இருக்கிற சிப்போட ரகசிய எண் வண்டியோட அழியாத மெமரியில பதிஞ்சிருக்கு. கரண்ட் போனாலும் அது போகாது. கழட்டி மாட்டினதும் வண்டி கிளம்புச்சுன்னா, பெரும்பாலும் பேட்டரியில வயர் மாட்டுற முனை, அதாவது டெர்மினல்தான் லூஸா இருந்திருக்கும். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காத்துல நிக்கிற வண்டிக்கு டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமாப் பூத்து நிக்கும். ஆப்பசோடா கரைச்ச வெந்நீர் ஊத்தி பிரஷ்ஷால தேய்ங்க. நெகட்டிவை முதல்ல கழட்டி, கடைசியில மாட்டணும்.

நிறுத்திப் பூட்டின வண்டியில அந்த லைட் மின்னுறது சாதாரணம். இக்னிஷன் ஆன் பண்ணின பிறகும் மின்னினாத்தான் சாவியை வண்டி அடையாளம் காணலைன்னு அர்த்தம். அப்போ பல மாடல்கள்ல செல்ஃப் (ஸ்டார்டர் மோட்டார்) சுத்தும், இன்ஜின் பிடிக்காது. இல்லன்னா பிடிச்சு ரெண்டு செகண்ட்ல நின்னுரும். வெறும் 'டக் டக்'னா முதல்ல பேட்டரியைப் பாருங்க: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ போகக்கூடாது.

சாவிதான் சந்தேகம்னா, கொத்துல உள்ள வேற சிப் சாவிகளைக் கழட்டிட்டு முயற்சி பண்ணுங்க. அடுத்து ஸ்பேர் சாவி. அதுல ஓடுச்சுன்னா பழைய சாவியோட சிப் போச்சு. ரெண்டுலயும் ஓடலைன்னா, சாவித்துவாரத்தைச் சுத்தியிருக்கிற ஆன்டெனா காயிலையும் அதோட கனெக்டரையும் ஸ்கேனர் வச்சிருக்கிற எலக்ட்ரீஷியன்கிட்டக் காட்டுங்க. ரிமோட்டுல உள்ள பேட்டரியை மாத்தி இதுக்குப் பிரயோஜனமில்ல. திருகுற சாவியில சிப்புக்கு பேட்டரியே தேவையில்ல.