464 இன்னிங்ஸ் வீசிய மனுஷனுக்கு ஆறாவது இன்னிங்ஸில் களைப்பாம்!

எந்த ஆண்டை வேண்டுமானாலும் எடு, எந்த அணியை வேண்டுமானாலும் எடு, அந்தக் காலத்து ஆட்களை வைத்து அந்தக் காலத்து பேஸ்பாலை ஆடு. இப்படிச் சொல்லித்தான் இந்த வரலாற்று சிமுலேஷன் கேமை விற்கிறார்கள். நானும் நம்பி 1908-ஐத் தேர்ந்தெடுத்து, சிகாகோ வைட் சாக்ஸுக்கு மேனேஜராக உட்கார்ந்தேன். அதிலிருந்து ராத்திரி தூக்கமும் போச்சு, வீட்டில் மரியாதையும் போச்சு.

ஏன் அந்த அணி என்று கேட்பீர்கள். 1908 அமெரிக்கன் லீக் மாதிரி ஒரு முட்டல் மோதலை அப்புறம் பார்ப்பதே அபூர்வம். டெட்ராய்ட் 90 வெற்றி 63 தோல்வி, கிளீவ்லாந்து 90-64, சிகாகோ 88-64. மழையில் நின்றுபோன ஓர் ஆட்டத்தை டெட்ராய்ட் திரும்ப ஆடவே இல்லை. அந்த அரை ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிகாகோ கடைசி நாளில் அதே டெட்ராய்ட்டிடம் 7-0 என்று தோற்றது. அதை ஜெயித்திருந்தால் பட்டம் சிகாகோவுக்குத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் செய்தது அடிக்கவே தெரியாத ஓர் அணி. அணியின் பேட்டிங் சராசரி .224, அதாவது ஆயிரம் முறை பேட் செய்தால் 224 ஹிட். சீசன் முழுக்க அடித்த ஹோம் ரன் மூன்று. ஒரு ஆள் அல்ல, மொத்த அணியும் சேர்ந்து மூன்று! அதிலும் ஒன்றை அடித்தது பந்து வீசும் ஆள், பிட்சர் எட் வால்ஷ். அந்த வால்ஷ்தான் அணியே. 40 ஆட்டம் ஜெயித்தார். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால், 464 இன்னிங்ஸ் வீசினார், 42 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை ஒருவராகவே முடித்தார். இன்றைக்கு ஒரு பிட்சர் சீசனில் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே ஆஹா ஓஹோ என்கிறார்கள். அக்டோபர் 2 அன்று கிளீவ்லாந்தில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டு 1-0 என்று தோற்றார். எதிரில் வீசிய ஆடி ஜாஸ் ஒருவரையும் பேஸில் ஏறவிடாமல் பர்ஃபெக்ட் கேம் போட்டுவிட்டார், என்ன செய்ய? இந்த மனுஷனை வைத்து அந்தச் சீசனை ஒருமுறை நாமே ஓட்டிப் பார்க்கலாமே என்றுதான் காசு கொடுத்து வாங்கினேன்.

இப்போது கேமில் நடந்ததைக் கேளுங்கள்.

மே மாதம், டெட்ராய்ட்டுக்கு எதிராக. 1-0 என்று முன்னால் இருக்கிறோம். ஆறாவது இன்னிங்ஸ் வரை வால்ஷ் கொடுத்தது இரண்டே ஹிட். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அது மஞ்சளானது, அப்புறம் சிவப்பானது. 'பிட்சர் களைத்துவிட்டார்' என்று ஓர் அறிவிப்பு, கூடவே மாற்றச் சொல்லி துணைப் பயிற்சியாளரின் ஆலோசனை. வால்ஷையா? ஆறாவது இன்னிங்ஸிலா? போடா என்று மூடிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். அடுத்து பேட் செய்ய வந்தவர் டெட்ராய்ட்டின் டை காப். மூன்றாவது பந்தில் ஆட்டம் நின்றது. வால்ஷின் முழங்கைத் தசைநார் கிழிந்ததாம். அறுவை சிகிச்சையாம். பன்னிரண்டு மாதம் ஓய்வாம்!

அறுவை சிகிச்சையா? 1908-லா? அந்தச் சிகிச்சையை டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதன்முதலில் பிட்சர் டாமி ஜானின் கையில் செய்தது 1974-இல்! நிஜ வால்ஷின் கை ஓய்ந்தது 1913-இல்தான், அதுவும் அதற்கு முந்தின ஆண்டு 393 இன்னிங்ஸ் வீசி 27 ஆட்டம் ஜெயித்த பிறகு. அந்தக் காலத்து பிட்சர் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீச மாட்டார். எவனும் ஹோம் ரன் அடிக்கப்போவதில்லை என்று தெரியும். நிதானமாக வீசி, ஆள் பேஸில் ஏறினால் மட்டும் முறுக்குவார். வால்ஷுக்கு எச்சில் தடவிய பந்து வேறு இருந்தது, அது அப்போது சட்டப்படி சரி. இதெல்லாம் கேம் செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். வால்ஷின் சுயவிவரப் பக்கத்தில் 464 என்று அவர்களேதான் போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டு, இன்றைய பிட்சரின் களைப்புக் கணக்கை அவர் கையில் கட்டிவிட்டிருக்கிறார்கள். டெஸ்ட் பவுலரைக் கூப்பிட்டு நாலு ஓவரோடு கிளம்பு என்பது போல.

சரி, அவர் போனார், அடுத்து யார்? என் மற்ற பிட்சர்கள் ஃப்ராங்க் ஸ்மித்தும் டாக் வைட்டும் முந்தின நாட்களில் வீசியவர்கள், அவர்கள் கோடும் சிவப்பு. இன்றைய அணிகளைப் போல நடுவில் வந்து வீச எட்டு ரிலீஃப் பிட்சர் அந்தக் காலத்தில் கிடையாது. அந்தக் காலிடத்தை நிரப்ப கம்ப்யூட்டர் தானாகவே ஆட்களை உற்பத்தி செய்து வைத்திருக்கிறது. பிறந்த ஊர், எடை, உயரம் எல்லாம் உண்டு, ஆனால் அப்படி ஓர் ஆள் பூமியில் பிறக்கவே இல்லை. அந்தப் பிறக்காத பிள்ளை வந்து தப்பான பந்துகளாகப் போட்டு வரிசையாக மூன்று பேரை இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, நான்காவது ஆளுக்கு ஹோம் ரன் கொடுத்தான். வரலாற்றைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு இதுதான் கிடைக்கிறது.

ஆனால் பேட்டிங்கில் மட்டும் பாருங்கள், வரலாறு அப்படியே அச்சு அசலாக இறங்கும். என் ஆட்கள் .224-ஐ விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார்கள். மூன்று ஹோம் ரன் என்றால் மூன்றுதான். என்னைக் கெடுக்க வேண்டிய இடத்தில் ஆவணக் காப்பகம், எனக்கு உதவ வேண்டிய இடத்தில் அறிவியல் புனைகதை. இது என்ன நியாயம்?

அடிக்கத் தெரியாத அணி ஜெயிக்க முடியாது என்றும் இல்லையே. இதே வைட் சாக்ஸ் 1906-இல் .230 என்று லீக்கிலேயே கடைசி சராசரியோடு பட்டம் வாங்கி, 116 ஆட்டம் ஜெயித்த கப்ஸ் அணியை வேர்ல்ட் சீரிஸில் வீழ்த்தியது. பந்தை மெதுவாகத் தட்டி பன்ட் வைப்பது, நடந்து பேஸுக்குப் போவது, திருடி ஓடுவது, ஒரு ரன் எடுத்துவிட்டு அதைக் காவல் காப்பது, அவ்வளவுதான் அந்த ஆட்டம். நானும் பன்ட் அளவுகோலைக் கடைசி முனை வரை தள்ளி வைத்திருக்கிறேன். முதல் பேஸில் ஆள், யாரும் அவுட் இல்லை, என் பேட்டர் என்ன செய்கிறான்? மட்டையை ஓங்கி வீசி ஃபீல்டர் ஷார்ட்ஸ்டாப் கையில் அடித்து இரட்டை அவுட் வாங்குகிறான். பன்ட் வைத்தால் ரன் வாய்ப்பு குறையும் என்று இன்றைய புள்ளிவிவரக்காரர்கள் சொல்கிறார்களே, அதை என் பேட்டர் 1908-லேயே படித்துவிட்டான் போல.

வீரர்களை வாங்கி விற்பது இன்னும் கேவலம். பிலடெல்பியாவில் ஜோ ஜாக்சன் என்று ஒரு பையன். நிஜத்தில் 1908-இல் அவன் ஆடியது ஐந்தே ஆட்டம், 23 முறை பேட் செய்து 3 ஹிட். அவனை அந்த அணி மேனேஜர் கானி மேக் 1910-இல் கிளீவ்லாந்துக்குத் தள்ளிவிட்டார். அடுத்த ஆண்டே அவன்.408 அடித்தான். அந்த மேக்கிடம் இந்தப் பையனைக் கேட்டால் கேமில் என்ன பதில் தெரியுமா? ஸ்மித், வைட் இருவரும் வேண்டும், மேற்கொண்டு பணமும் வேண்டும். கம்ப்யூட்டர் மேக்குக்கு 1911-இல் நடக்கப்போவது தெரிந்திருக்கிறது! எதிர்காலம் தெரியாத ஒரே மேனேஜர் இந்த லீக்கில் நான்தான். எனக்கும் நிஜத்தில் தெரியும், ஆனால் தெரிந்து என்ன பயன், விலை அதற்கேற்ப ஏறி உட்கார்ந்திருக்கிறதே.

இதைப் புலம்பினால் உடனே ஒரு கூட்டம் வரும். "செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே சார்." மாற்றலாம். காய அளவு ஒரு பக்கத்தில், களைப்பு இன்னொரு பக்கத்தில், வீரர் ஒப்பந்த விதி மூன்று மெனு உள்ளே. அந்தக் கடைசி டிக்கைப் பார்க்காமல் விட்டால் சீசன் முடிவில் ஒப்பந்தம் முடிந்த ஆள் ஃப்ரீ ஏஜெண்டாகக் கிளம்பிவிடுவான். அணி விடாமல் ஆள் போக முடியாது என்ற விதி உடைந்தது 1975-இல், ஐயா! கேம் செய்தவர்களே, ஆண்டு 1908 என்று முதல் திரையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டீர்களே, அதை வைத்து இவற்றையெல்லாம் நீங்களே மாற்றினால் விரலா தேய்ந்துவிடும்? அப்படியும் எல்லாவற்றையும் தேடித் தேடி மாற்றி வைத்தேன். புது அப்டேட் வந்தது, பாதி பழையபடி ஆகிவிட்டது.

உச்சம் இது. நேற்று அணி முதலாளியிடமிருந்து மெயில். ஆமாம், 1908-இல் மெயில், அதை விடுங்கள். ரசிகர்களுக்குச் சுவாரஸ்யம் குறைகிறதாம், சீசன் முடிவதற்குள் ஒரு பவர் ஹிட்டரைக் கொண்டுவராவிட்டால் என் வேலை போகுமாம். அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் சாம் க்ராஃபோர்ட், மொத்தம் 7. அவர் இருப்பது டெட்ராய்ட்டில். சரி, மானத்தை விட்டு அவர்களிடமே கேட்டேன். பதிலுக்கு வால்ஷைக் கேட்கிறார்கள். கிழிந்த முழங்கையோடு அப்படியே அனுப்பினால் போதுமாம்.