டெல்லி நினைத்தால் முடியுமா?

இலங்கைத் தமிழர் பிரச்சினை பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் சென்னை நண்பர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "டெல்லி நினைத்தால் ஒரே நாளில் முடியும்." டெல்லி நினைத்த காலமும் ஒன்று இருந்ததே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

1987 ஜூனில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலம் போட்டன. அடுத்த மாதமே இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரிய நாடு சின்ன நாட்டை இதற்கு மேல் எப்படி நெருக்குவது? ஆனால் களத்தில் சண்டை போட்ட புலிகளின் கையெழுத்து அதில் இல்லை. சிங்களர்களிடமும் கொதிப்பு. மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையில் நின்ற இலங்கைக் கடற்படைச் சிப்பாயே ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியால் ஓங்கி அடித்தார். ஒப்பந்தப்படி அங்கே போன இந்திய அமைதிப்படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அப்புறம் இலங்கை அதிபராக வந்த பிரேமதாசா "கிளம்புங்கள்" என்றார். போதாததற்குப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்திருந்தது. அங்கே செத்த தமிழ்ப் பொதுமக்கள் கணக்கு தனி. சென்னைக்கு வந்த படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. (அது சரியா தப்பா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

அவ்வளவுக்கும் மிஞ்சியது, மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம். அதிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒன்றாக்கிய இணைப்பு செல்லாது என்று 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வடக்கு மாகாண சபைக்கு 2013இல்தான் முதல் தேர்தல். 2018இல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. காவல், காணி (நிலம்) அதிகாரங்கள் கொழும்பை விட்டு நகரவே இல்லை. "முழுமையாக நிறைவேற்றுங்கள்" என்று டெல்லி சொல்லும், கொழும்பு தலையாட்டும். மிரட்டிக் கையெழுத்து வாங்கலாம். அதைத் தினமும் நடத்த வேண்டியவர் சிங்கள வாக்காளரிடம் ஓட்டுக் கேட்டுப் போகிறவர். அவருக்கு டெல்லியின் கோபத்தைவிடத் தன் தொகுதியின் கோபம் பெரிது.

அதற்காக டெல்லி வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் 2012, 2013இல் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்த இந்தியா 2014இல் ஏன் ஒதுங்கியது என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இங்கே புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்குப் படை வேண்டாம், கொழும்பின் சம்மதமும் வேண்டாம். 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது எந்த நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை என்ற பட்டியலில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன, இலங்கை இல்லை. அதற்கு மாநிலங்களவையில் ஆதரவாக வாக்களித்தவர்களில் இங்கிருந்து போன அதிமுக எம்.பி.க்களும் உண்டு.