அந்த ஆச்சியிடமிருந்து மைக்கை ஏன் வாங்கினீர்கள்?

நம் திருச்சபையின் அசனப் பண்டிகை (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) ராத்திரி நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் தெரியும். வீடியோ சபை குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக்கதையும் எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்பதைத் தாண்டிய ஒரு ஆச்சி, நம் கோவில் கோபுரம் எழும்பிய காலத்தில் தன் மாமியார் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி வாங்கிவந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். “நேரமாச்சு பாட்டி, போதும்” என்று நடுவில் மைக்கை வாங்க சபைக் கமிட்டிக்கு அப்படி என்ன அவசரம்? அப்புறம் என்ன நடந்தது? பணம் கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைத்தவர் ‘நம் சபையின் புதிய அடையாளம்’ என்று திரையில் ஒரு லோகோவும் நாலு வரி வாசகமும் காட்டினார். அந்த நாலு வரியை எந்த ஊர்ச் சபைக்கும் அப்படியே ஒட்டலாம். நம் ஊர் அதில் எங்கே இருக்கிறது?

சபையின் அடையாளத்தை வெளியாளிடம் எழுதி வாங்க முடியாது. சபையார் ஒருவருக்கொருவர் சொல்லி, கேட்டு, “இல்ல, அது அப்படி இல்ல” என்று திருத்தி, அப்படித்தான் அது வரும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கமிட்டி அண்ணாச்சிமார் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று போகிறார்கள், அங்கே வேறு ஜெபக்கூடங்களுக்குப் போய்விடுகிறார்கள், தாங்கள் எந்தச் சபைப் பிள்ளைகள் என்றே தெரியவில்லை. சரி. ஆனால் யார் அவர்களுக்குச் சொன்னது?

எனக்கு என் அம்மா சொன்னாள். தாத்தா பனையேறி. பருவ காலத்தில் இருட்டு பிரியும் முன்னே மரத்தில் இருப்பார். ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது பாளையைச் சீவிக்கொண்டிருப்பாராம். அரிவாளை இடுப்புப் பெட்டியில் செருகிவிட்டு, மட்டையைப் பிடித்தபடி பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் கலயத்தை இறக்குவாராம். மரத்தை அணைத்து அணைத்து அவர் நெஞ்சு காய்த்துப் போயிருந்ததை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். கல்லூரி விடுதியில் ஒருவன் என்னிடம், “நீங்கல்லாம் அரிசிக்காக மதம் மாறினவங்கதானே?” என்று கேட்டான். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் என்னிடம் பதில் இருந்தது. “சமைக்கிறதுக்கு முன்னால உலையரிசியில ஒரு பிடி எடுத்து வச்சு, அந்த அரிசியில கட்டின கோவில் எங்க கோவில்.” அந்தப் பதிலைக் கொடுத்தது அம்மா சொன்ன கதை. அதே பிடியரிசிக் கதையைத்தான் அன்றைக்கு நிறுத்தினீர்கள்.

“கதைக்கு ஆதாரம் உண்டா?” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டையும் கல்லறைக் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்போம், யார் வேண்டாம் என்றது? “வசனம் போதும், பழங்கதை எதற்கு?” என்கிறார் இன்னொருவர். யோசுவா நாலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா. யோர்தானைக் கடந்ததும் பன்னிரண்டு கற்களை நாட்டி வைக்கிறார்கள். எதற்கு? பிள்ளைகள் வந்து கேட்கும்போது சொல்வதற்கு. கல் இருந்தால் போதும், சொல்ல ஆள் வேண்டாம் என்று அங்கே எழுதியிருக்கிறதா?

நேரம் இல்லை என்று சொன்னதற்கு நான் பதில் எழுத மாட்டேன். பொன்னாடை போர்த்த நேரம் இருந்தது.

நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். கதை நீளம் என்பதால் நிறுத்தவில்லை. சொல்லவிட்டால் எல்லாக் கதையும் வரும் என்ற பயம். பாளையங்கோட்டையின் குளோரிந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். மராட்டிய பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவர். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-இல் அந்த அம்மாள் எழுப்பிய ஆலயத்தை இன்றைக்கும் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமே சபை முதலில் தள்ளி நிறுத்திய ஒரு பெண். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பை உண்டாக்கிய தாவீது சுந்தரானந்தம் சாத்தான்குளம் பக்கத்துக்காரர், கப்பலேறி வந்தவர் அல்ல. இவர்களை எத்தனை வாலிபருக்குத் தெரியும்? மிஷனரிமார் செய்தது பெரிது, நான் மறுக்கவில்லை. ஆனால் நம் கோவில் பளிங்குக் கல்லில் அவர்கள் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர் பெயர் எங்கே? யார் எந்த வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள், எந்தத் தெருவுக்கு அசனச் சோறு கடைசியில் போனது, இதெல்லாம் எழுந்து வரும். வரட்டுமே. டயோசிசன் (திருமண்டல நிர்வாக) தேர்தல் வந்தால் மட்டும் “எங்க தாத்தா கட்டின கோவில்” என்கிறீர்களே, அது கதை இல்லையா? அதற்கு மட்டும் மைக் உண்டா?

அந்த ஆச்சி மறுநாள் என்னிடம், “நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா மக்கா?” என்று கேட்டார். கமிட்டியிலிருந்து ஒருவராவது அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இதுவரை யாரும் போகவில்லை.

கோபுரம் கட்டிய காலத்தில் உழைத்தவர்கள் பெயரையும் கதையையும் எழுத ஆலய அலுவலகத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லி நம் சபைப் போதகர் ஐயரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அனுமதி வந்தால் அங்கே, வராவிட்டால் எங்கள் வீட்டு முற்றத்தில். சனிக்கிழமை சாயங்கால ஜெபம் முடிந்ததும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள், எந்தத் தெருவாக இருந்தாலும். எழுத நான் இருக்கிறேன்.