வெயிலில் பால் வெட்டும் பெண்

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புதுசாகச் சாயம் அடித்திருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் அம்மாவோடு தோசை சாப்பிட்டேன். சுவர் முழுக்க ஓர் ஓவியம். வரிசையாக ரப்பர் பால்மரங்கள், இடையில் சாய்ந்து விழும் பொன் வெயில், கைலி கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறாள். அழகுதான். நானே கைப்பேசியில் படம் எடுத்தேன்.

அம்மா முப்பது வருஷம் பால் வெட்டியவர். சட்னியைத் தொட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ வெயில்ல யாருப்பா வெட்டுவா? பால் நின்னுடுமே." கொஞ்சம் பொறுத்து, "கோடு வேற மாத்திச் சரியுது பாரு" என்றார். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும்; பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். அம்மா சொன்ன காரணம் வேறு: "மாத்தி வெட்டினா கங்காணி கத்துவாரு."

நாட்டுப்புறக் காட்சி ஓவியங்களைப் பார்த்தாலே எனக்கு வரும் சந்தேகம் இதுதான். வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார்? வயலிலா, பங்களா வராந்தாவிலா? 1750 வாக்கில் ஆங்கிலேய ஓவியர் கெய்ன்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி படத்தில் கதிர்க்கட்டுகள் ஒழுங்காக நிற்கின்றன, அறுத்தவர் ஒருவரையும் காணோம். துப்பாக்கியோடு நிலத்துக்காரர், பக்கத்தில் பட்டுடையில் மனைவி, அவ்வளவுதான். இன்னோர் ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி' படம் 1821இல் வந்தது. ஸ்டவர் ஆற்றங்கரைக் காட்சி, ஆனால் அந்தப் பெரிய படத்தைத் தீட்டியது லண்டனில். புல் அறுப்பவர்கள் தூரத்தில் சின்னப் புள்ளிகள். மறு வருஷமே இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாவில் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் அப்படி நடக்கும் என்று தோன்றவே தோன்றாது.

எனக்குப் பிடித்தவர் பிரெஞ்சு ஓவியர் மில்லே. 1857இல் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை முன்னால் கொண்டுவந்து காட்டினார். பாரிஸில் வசதியானவர்கள் முகம் சுளித்தார்களாம். சுளிக்கட்டும்.

சரி, அழகை ரசிக்கக் கூடாதா என்பீர்கள். ரசிக்கலாம். ஆனால் எங்கள் தோட்டத்தில் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது, இருட்டிலேயே நடக்கும். நெற்றி விளக்கோடு மரம் மரமாக ஓட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அந்த இருட்டை இதுவரை எந்தக் கடைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

காசு கொடுக்கும்போது கடைக்காரர் அம்மாவிடம் கேட்டார்: "படம் எப்படிம்மா?"

"நல்லா இருக்கு தம்பி. அந்தப் பொண்ணு இடுப்புல ஒரு கொசுவத்தி மட்டும் கட்டிவிடச் சொல்லுங்க."