8 வயது முடிந்தது இடுப்பெலும்புக்குத் தெரியுமா?

கார் பெல்ட் சரியாகப் பொருந்தப் பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கைதான் பூஸ்டர் சீட். அந்தப் பேச்செடுத்தாலே "இவனுக்குத்தான் 8 முடிஞ்சிருச்சே, இனி எதுக்கு?" என்பார்கள். சொல்பவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, சட்டங்களே அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா 2012இல் 8 வயதை எல்லையாக வைத்தது. ஆஸ்திரேலிய விதிகள் 7 வயதோடு விட்டுவிடுகின்றன. இந்தியாவில் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட் "அல்லது" குழந்தை இருக்கை என்கிறது. 6 வயதுப் பிள்ளையைப் பெரியவர்களுக்கான பெல்ட்டில் கட்டிவிட்டு நிம்மதியாக வண்டியை எடுக்க அந்த ஒரு "அல்லது" போதும்.

எல்லையை உயரத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கணக்கைப் பாருங்கள். கார் பெல்ட் ஒழுங்காகப் பொருந்தப் பொதுவாகச் சொல்லப்படும் உயரம் 145 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 8 வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 127 செ.மீ. அந்த 145ஐத் தொட 11 வயதாகிவிடும். பாதிப் பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். அதாவது 8 வயதில் கைவிடும் சட்டம், தேவை இன்னும் 3 வருஷம் இருக்கும்போதே கைவிடுகிறது.

இந்த 18 செ.மீ. ஏன் இவ்வளவு முக்கியம்? பெல்ட்டின் கீழ்ப்பகுதி, அதாவது இடுப்பு பெல்ட், வயிற்றைப் பிடிப்பதற்கானது இல்லை. இடுப்பெலும்பின் முன்பக்க முனைகளில் கொக்கி போட்டமாதிரி நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு அந்த முனைகள் துருத்திக்கொண்டிருக்கும், பெல்ட் மேலே ஏறாது. பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 வயது வரை அவை சரியாக வடிவெடுப்பதில்லை. மோதும்போது பெல்ட் வழுக்கி மேலேறி வயிற்றில் புதைகிறது. குடல் கிழிகிறது, முதுகெலும்பு பெல்ட்டின் மேல் மடங்கி முறிகிறது. மருத்துவர்கள் இதற்கு 'சீட் பெல்ட் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் 0.1 நொடியில் நின்றால் 25 கிலோ பிள்ளையின் உடம்பு ஏறக்குறைய 350 கிலோ பாரமாக அந்தப் பட்டையில் விழும். அது எலும்பில் விழுவதா குடலில் விழுவதா என்பதுதான் கேள்வி.

பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி வைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது, எனக்கு அதுதான் பெரிசாகப் படுகிறது. கார் சீட்டின் ஆழம் பெரியவர்களின் தொடை நீளத்துக்குச் செய்தது. பிள்ளை முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் சீட்டின் நடுவிலேயே நின்றுவிடும், காலை மடக்க முடியாது. இரண்டே நிமிஷத்தில் முன்னால் சறுக்கி வந்து காலைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். சறுக்கியவுடன் இடுப்பு பின்னால் சாய்கிறது, பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறது. "நேரா உட்காரு" என்று நூறு தடவை கத்தினாலும் நடக்காது, உடம்பு அப்படி. பூஸ்டரின் இருக்கை ஆழம் குறைவு. முழங்கால் அதன் விளிம்பில் இயல்பாக மடங்கும், சறுக்கத் தேவையே வராது. தலையணையோ மடித்த போர்வையோ பூஸ்டருக்கு ஈடாகாததற்கும் காரணம் இதில் இருக்கிறது. அவை மோதலில் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் பெல்ட் தளரும், பிள்ளை அடியில் நழுவும்.

தோள் பெல்ட் கதை வேறு. கழுத்தில் உரசினால் பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும், இல்லையென்றால் அக்குளுக்குக் கீழே செருகிக்கொள்ளும். பின்னால் போனால் மேலுடம்பைப் பிடிக்க எதுவுமில்லை, தலை முன்சீட்டில் மோதும். அக்குளுக்குக் கீழே போனால் கீழ் விலா எலும்புகள் தாங்க வேண்டும், அவற்றுக்கு உள்ளே கல்லீரலும் மண்ணீரலும். கழுத்தில் உரசாமலிருக்க பெல்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிளிப் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். தோள் பெல்ட்டை இழுக்கும்போது இடுப்பு பெல்ட்டையும் சேர்த்து வயிற்றுக்கு ஏற்றிவிடும்.

பூஸ்டர் வேண்டுமா வேண்டாமா என்று காரிலேயே பார்த்துவிடலாம். பிள்ளையைப் பூஸ்டர் இல்லாமல் உட்கார வையுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கிறதா? அப்படியே முழங்கால் சீட் விளிம்பில் மடங்குகிறதா? இடுப்பு பெல்ட் தொடையின் மேல்பகுதியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறதா? தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் போகிறதா? கடைசியாக, பயணம் முழுக்க, தூங்கினாலும் இப்படியே இருக்குமா? ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் பூஸ்டர் தொடர வேண்டும். பெரும்பாலும் தோற்பது இரண்டாவதும் ஐந்தாவதும்.

பூஸ்டரில் உட்கார வைத்தும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. இடுப்பு பெல்ட் இரண்டு பக்கமும் கைப்பிடிகளுக்கு அடியில் போக வேண்டும், மேலே போட்டால் பூஸ்டர் இருந்தும் வீண். தோள் பெல்ட் எந்த வழியாகப் போகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். முதுகு வைத்த மாடலில் தோள் பெல்ட் போகும் கொக்கி தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும். பிள்ளை முன்னால் குனிந்து நிமிர்ந்தால் பெல்ட் தானாக உள்ளே இழுபட வேண்டும். கொக்கியில் சிக்கி நின்றால் அந்தத் தளர்வு மோதலின்போது கணக்குக்கு வரும். இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள இடத்தில் பூஸ்டரே கூடாது. சீட்டில் ஹெட்ரெஸ்ட் இல்லை, பிள்ளையின் காது மட்டத்துக்குச் சாய்மானம் எட்டவில்லை என்றால் முதுகு வைத்த பூஸ்டர்தான். காரில் தூங்கும் பிள்ளைக்கும் அதுவே நல்லது.

சட்டங்களுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது எல்லை 150 செ.மீ., நாடுகள் விரும்பினால் 135 வரை குறைத்துக்கொள்ளலாம். ஜெர்மனி 12 வயது அல்லது 150 செ.மீ., எது முந்துகிறதோ அது. பிரிட்டன் 2006 முதல் 12 வயது அல்லது 135. ஸ்வீடன் வயதே கேட்பதில்லை, 135 செ.மீ. மட்டும்தான். ஆக, 140 செ.மீ. உள்ள 10 வயதுப் பெண்ணுக்கு ஸ்வீடனில் பூஸ்டர் வேண்டாம், ஜெர்மனியில் கட்டாயம். நாட்டு எல்லை தாண்டினால் இடுப்பெலும்பு சுருங்குமா என்ன? என்னைக் கேட்டால் 135 அரசியல் சமரசம்.

வயதை எல்லையாக வைப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு: சாலையோரத்தில் நிற்கும் காவலர் அளவு நாடாவோடு வரமாட்டார், வயதைக் கேட்பது சுலபம். ஆனால் சட்டத்தின் பெரிய வேலை அபராதம் வசூலிப்பது இல்லை. "என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் இதுல உட்கார்றதில்ல" என்று 9 வயது முறுக்கிக்கொள்ளும்போது "சட்டம் அப்படி" என்று சொல்லி முடித்துக்கொள்ளப் பெற்றோருக்கு ஒரு பிடி கிடைக்கிறதே, அது பெரிசு. 8 வயதுச் சட்டம் அந்தப் பிடியை மிகவும் தேவையான வயதில் பறித்துவிடுகிறது. (அந்த வயதில் முதுகு இல்லாத பூஸ்டர் கைகொடுக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.)

பின்சீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு இடம் போதாது, டாக்சியில் என்ன செய்வது என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். பிரிட்டன் இவற்றுக்குத் தனி விலக்கு எழுதியிருக்கிறது: குழந்தை இருக்கை இல்லாத டாக்சி, இரண்டு இருக்கைகள் அடைத்துக்கொண்டதால் மூன்றாவதுக்கு இடமில்லாத பின்சீட், எதிர்பாராமல் போக நேர்ந்த குறுகிய பயணம். விலக்கை இப்படி எழுதிக்கொள்ளலாம், அதற்காக எல்லையையே கீழே இறக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: அந்த ஐந்து கேள்விகளுக்கான பதில் காருக்குக் கார் மாறும். 143 செ.மீ. பிள்ளை உங்கள் காரின் ஓரச் சீட்டில் தேறிவிட்டு, நடுச் சீட்டிலோ தாத்தாவின் காரிலோ தோற்கலாம். எல்லாவற்றிலும் தேறும்வரை பூஸ்டரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். டிக்கியில் கிடக்கட்டும்.