போர்க்கப்பல் வரைகிறவர்கள் முதலில் கரையை வரையுங்கள்

ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சித்திரக்கதை செய்துகொண்டிருக்கிறார்கள். ஏழு தீவுகள் கொண்ட ஒரு கற்பனைப் பேரரசு. அதற்கு ஒரு பேரரசி, ஒரு தலைநகரம், பக்கத்து நாடுகள் பெயரைக் கேட்டாலே நடுங்கும் ஒரு கடற்படை. கப்பல் ரிப்பேர் வேலையிலேயே வயதைக் கழித்தவன் என்பதால் படங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். கைவேலை அபாரம். ஆனால் பார்த்ததிலிருந்து மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் இல்லை, தமிழில் கடற்படையும் போரும் வைத்துக் கதை எழுதுகிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பேரரசின் தலைமைக் கப்பல் பெயர் 'ஊழித்தீ'. 1 லட்சம் டன். குழாய் வாய் 20 அங்குலம் உள்ள பீரங்கிகள் 12. வேகம் 40 நாட், அதாவது மணிக்குச் சுமார் 74 கி.மீ. இதே அளவில் மொத்தம் 60 கப்பல்கள். முதல் பக்கத்தில் அது ஒரு தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது.

அந்த அளவுக் கப்பலுக்கு 11, 12 மீட்டர் ஆழத் தண்ணீர் வேண்டும். தென்னந்தோப்பு ஓரத்தில் அது கிடைக்காது. சரி, அது சின்ன விஷயம், கப்பலைத் தள்ளி வரைந்தால் முடிந்தது. எனக்கு நெருடியது வேறு. ஏழு தீவுகளிலும் ஒரு ட்ரை டாக் இல்லை, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடியைப் பழுது பார்க்கும் பெரிய தொட்டி. நிலக்கரிக் கிடங்கு இல்லை. கயிறு திரிக்கிறவர் இல்லை. 60 கப்பல்களும் யாரும் கட்டாமல், யாரும் பழுது பார்க்காமல், கடலிலிருந்து தானாக முளைத்தது போல நிற்கின்றன.

போர்க்கப்பல் என்பது கரையின் ஒரு துண்டுதான். எந்தக் கரை எதைக் கொடுத்தது, எதை இழந்தது என்று தெரியாமல் அந்தக் கப்பலை நம்பும்படி எழுதவே முடியாது. இதுதான் என் கட்சி.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் பிரிட்டன் கடலில் இறக்கிய ட்ரெட்நாட் என்ற போர்க்கப்பல் அன்றைக்கு உலகத்தின் மற்ற போர்க்கப்பல்களை எல்லாம் ஒரே நாளில் பழசாக்கியது. 18,000 டன், 12 அங்குலப் பீரங்கிகள் 10, டர்பைனில் 23,000 குதிரைத்திறன், வேகம் 21 நாட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அயோவா வகைக் கப்பல்கள் 33 நாட் ஓடின. அதற்கு 2,12,000 குதிரைத்திறன் தேவைப்பட்டது. கப்பலும் பெரிது என்பது உண்மைதான், ஆனாலும் கணக்கைப் பாருங்கள். தண்ணீரில் வேகம் கொஞ்சம் ஏறினாலே எஞ்சின் பல மடங்கு ஏறும். பொதுவாக வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். 1 லட்சம் டன்னை 40 நாட்டில் ஓட்டினால் கப்பல் முழுக்க பாய்லராகத்தான் இருக்கும். அந்தப் பாய்லர்களுக்குக் கடல்நீர் ஆகாது, நல்ல தண்ணீர் வேண்டும். கோடையில் குடிக்கவே தண்ணீர் போதாத தீவு என்று அவர்களே இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர் மக்கள் வரிசையில் நிற்கும்போது துறைமுகத்தில் கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றுவதை ஒரு பக்கம் வரைந்தால் போதும். பேரரசி எப்படிப்பட்டவள் என்று வசனமே தேவைப்படாது.

அடுத்து டாக். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. விசாகப்பட்டினத்திலும் கொழும்பிலும் டாக்கில் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன். கப்பல் உள்ளே வந்ததும் கேட்டை மூடிப் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். வரிசையாக அடுக்கிய கட்டைகள் மேல் கப்பல் மெதுவாக உட்காரும். ஒரு கட்டை இடம் மாறியிருந்தாலும் அடித்தகடு நசுங்கிவிடும். தண்ணீர் முழுக்க வடிந்தபின் கீழே இறங்கிப் பார்த்தால், கடலில் அவ்வளவு கம்பீரமாக நின்ற கப்பலின் வயிறு முழுக்கப் பாசியும் சிப்பியும் அப்பியிருக்கும். சிப்பி காயக் காய ஒரு நாற்றம் வரும், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது. சுரண்டி, பீய்ச்சிக் கழுவி, தகட்டின் கனத்தை அங்கங்கே அளந்து சாக்பீஸில் எழுதிக்கொண்டே போவோம். 12 மில்லி தகடு 8-க்கு வந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுசு போட வேண்டும். தகட்டை அரிப்பிலிருந்து காக்க ஒட்டிவைத்து, கரைந்துபோன துத்தநாகக் கட்டிகளை மாற்ற வேண்டும். இதையெல்லாம் செய்யாத கப்பல் கடலில் ஓடும், ஆனால் வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும்.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போய்ப் பாருங்கள். விசைப்படகைக் கரையேற்றி இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒரு விசைப்படகுக்கே இந்தப் பாடு என்றால் 60 போர்க்கப்பல்களுக்கு எத்தனை டாக் வேண்டும்? எந்த நாட்டுக் கடற்படையிலும் எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் சண்டைக்குத் தயாராக நிற்காது. ஒரு பங்கு கடலில், ஒரு பங்கு ரிப்பேரில், ஒரு பங்கு பயிற்சியில் என்பது பொதுக் கணக்கு. எதிரி நாட்டு ஒற்றன் எண்ண வேண்டியது பீரங்கிகளை இல்லை, டாக் கேட்டுகளை. அந்த ஒற்றனை ஒரு சுரண்டுகிற கூலியாளாக உள்ளே அனுப்புங்கள், எப்படிப்பட்ட அத்தியாயம் கிடைக்கும்!

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்து குண்டு போட்டதும், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும், ஊரைவிட்டு மக்கள் ஓடியதும் வடசென்னையில் தாத்தா பாட்டி வழியாக எல்லோருக்கும் தெரியும். ஐகோர்ட் வளாகத்தில் கல்வெட்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை நாம் குண்டு விழுந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். பக்கத்தில் தன் நாட்டுத் துறைமுகம் ஒன்றுகூட இல்லாத ஒரு கடலில் அந்தக் கப்பல் எப்படி அத்தனை வாரம் திரிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 3,600 டன் சொச்சம் உள்ள சின்னக் கப்பல் அது. கூடவே மார்க்கோமானியா என்று ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. பிடித்த கப்பல்களிலிருந்தும் நிலக்கரியை எடுத்துக்கொண்டார்கள். சென்னையை விட்டுப் போன சில நாட்களில் பியூரெஸ்க் என்ற கப்பல் சிக்கியது. அதில் இருந்தது பிரிட்டிஷ் கடற்படைக்காகவே போய்க்கொண்டிருந்த உயர்ரக வேல்ஸ் நிலக்கரி. எதிரியின் நிலக்கரியைப் போட்டே எதிரியின் கடலில் ஓடினார்கள்.

அப்புறம் அக்டோபரில், இந்தியப் பெருங்கடல் நடுவில் பிரிட்டிஷ் வசம் இருந்த டியேகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். போர் தொடங்கிய சேதியே அங்கிருந்தவர்களுக்கு வந்து சேரவில்லை. அந்த அமைதியான இடத்தில் எம்டன் மாலுமிகள் செய்தது என்ன தெரியுமா? கப்பலை ஒரு பக்கம் சாய்த்து வைத்து அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினார்கள். நிலக்கரி ஏற்றினார்கள். தீவுக்காரர்களின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை ஒழித்துக்கட்டியது. என்னைக் கேட்டால் அந்தச் சண்டையைவிட டியேகோ கார்சியா காட்சிதான் படமாக வரையத் தக்கது. நிலக்கரி ஏற்றும் நாளில் அதிகாரி முதல் அடுப்படி ஆள் வரை எல்லோரும் கறுத்துப் போவார்கள். நிலக்கரித் தூசி எப்படி மூக்கிலும் சோற்றிலும் படியும் என்று ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தீவுப் பேரரசு என்றால் உண்மையில் இருந்தவை இரண்டு உடனே ஞாபகத்துக்கு வரும். பிரிட்டன் ஓக் மரத்தில் தொடங்கியது. டிராஃபல்கர் கடற்போரில் தளபதி நெல்சன் நின்ற விக்டரி கப்பலுக்கு மட்டும் சுமார் 6,000 மரங்கள் போயின. சொந்த மரம் பற்றாமல் பாய்மரத்துக்குப் பால்டிக் கரைக்குப் போனார்கள், கப்பலுக்கே பம்பாய்க்கு வந்தார்கள். 1817-ல் பம்பாயில் வாடியா குடும்பம் மலபார்த் தேக்கில் கட்டிக் கொடுத்த டிரிங்கோமலீ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. பிறகு நிலக்கரி, அதற்காக ஏடன் முதல் ஹாங்காங் வரை கிடங்குகள். பிறகு எண்ணெய், அதற்காக 1914-ல் ஆங்கிலோ பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பங்கையே அரசாங்கம் வாங்கியது. பேரரசு கப்பலை ஓட்டியதா, கப்பல் பேரரசை இழுத்துக்கொண்டு போனதா என்று கேட்கும் அளவுக்கு இருக்கிறது அந்த வரலாறு.

ஜப்பான் கதை இன்னும் உறைக்கும். யமாட்டோ, முசாஷி என்ற இரண்டு போர்க்கப்பல்களும் முழுச் சுமையில் 72,000 டன் வரும், 46 செ.மீ. பீரங்கிகள் 9. யமாட்டோவைக் கட்ட குரே ஊர் டாக்கையே இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். முசாஷி நாகசாகியில் உருவானது. எதிரே மலைச்சரிவில் வீடுகள், யாரும் பார்த்துவிடக் கூடாது. அதனால் கட்டும் மேடையைச் சுற்றிக் நார்க் கயிற்றில் பிரம்மாண்டமான திரை கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்குக் கயிற்றை வாரிக்கொண்டு போனதில் மீனவர்களுக்கு வலைக்கும் படகுக்கும் கயிறு கிடைக்கவில்லை. 1940 நவம்பரில் கப்பலைத் தண்ணீரில் இறக்கியபோது எழுந்த அலை 120 செ.மீ. உயரம். எதிர்க்கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, மீன்பிடிப் படகுகள் கவிழ்ந்தன. அந்த ராட்சதக் கப்பல் முதல் முதலில் கவிழ்த்தது தன் நாட்டு மீனவர்களின் படகை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போர் தொடங்கியபின் எண்ணெய்ப் பஞ்சத்தில் இரண்டும் பெரும்பாலும் துறைமுகத்தில்தான் கிடந்தன. 1944-லும் 1945-லும் விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன.

வடசென்னையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவர்களுக்குக் கையிலேயே இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. மணல்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்கும், ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவரும். 1870-களில் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். முடிகிற நேரத்தில் 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாயிலை மூடி, வடகிழக்குப் பக்கம் வாயில் வைத்தார்கள். நம் கரையில் மணல் வருடக்கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக நகரும். அதைத் துறைமுகச் சுவர் மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. இன்றைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் பிறந்தவர்கள் கடற்கரை என்றால் கல்லைத்தான் பார்த்து வளர்ந்தோம்.

இதை அந்தக் கதைக்குள் கொண்டுபோங்கள். பேரரசி தன் கப்பல்களுக்குச் சுவர் எழுப்புகிறாள். ஒரு பக்கத்துக் குப்பத்தில் மணல் சேர்கிறது, அங்கே அரண்மனைத் தோட்டம் வருகிறது. மறுபக்கத்துக் குப்பம் வருடா வருடம் ஒரு தெருவை இழக்கிறது. அந்தக் குப்பத்துப் பிள்ளைகள்தான் கடற்படையில் சேர்கிறார்கள், ஏனென்றால் படகு இழுத்து வைக்க அவர்களுக்குக் கரை இல்லை.

சோழர்களைச் சொல்லாமல் தமிழில் கடற்படை பேச முடியாது என்பார்கள். 1025-ல் ராஜேந்திரன் கடாரம் வரை போனதை, கல்வெட்டில் அவன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்கிறது. பிடித்த ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அந்தப் பல கலங்களை எந்த ஊர்த் தச்சர் கட்டினார், எந்தக் காட்டு மரம், குடிதண்ணீரை எதில் கொண்டுபோனார்கள் என்று அந்த வரிகளில் ஒரு சொல் இல்லை. மெய்க்கீர்த்தி அரசனுக்காக எழுதியது, அதனால் விட்டுவிட்டார்கள். கதை எழுதுகிற நமக்கு அப்படி விட வேண்டிய கட்டாயம் இல்லை.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடமும் சொன்னேன். 60-ஐ 6 ஆக்குங்கள், மற்றதெல்லாம் சின்னக் கப்பல்களாக இருக்கட்டும், நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் கப்பல் வையுங்கள் என்றேன். ஒரு பையன் முகம் வாடிவிட்டது. "அங்கிள், பெருசா இருந்தாத்தானே படிக்கிறவனுக்குப் பயம் வரும்?" என்றான். ஊழித்தீயை எடுக்கச் சொல்லவில்லை, அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதைக் காப்பாற்ற ஏழு தீவும் என்ன பாடு படுகிறது என்பதைக் காட்டு, பயம் தானாக வரும் என்றேன். குழுவில் இருக்கிற பெண் ஒருத்தி அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வடக்குக் குப்பத்தைத் தான் வரைவதாகச் சொல்லி, அங்கேயே பென்சிலை எடுத்துவிட்டாள். தெருமுனையில் பாறாங்கல், அதன்மேல் வலை காய்கிறது, பின்னால் சுவருக்கு மேலே ஊழித்தீயின் புகைபோக்கி மட்டும். கப்பலை முழுதாக வரைந்த எந்தப் படத்திலும் இல்லாத பாரம் அதில் இருந்தது.

இப்போது அவர்களுக்கு வேண்டியது ஆட்கள். டாக்கில் வெல்டராகவோ பிட்டராகவோ இருந்தவர்கள், விசைப்படகு வைத்திருப்பவர்கள், கப்பலில் எஞ்சின் அறையில் நின்றவர்கள் இதைப் படித்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒதுக்குங்கள். முக்கியமாக, நிலக்கரி போட்டு ஓட்டிய பழைய நீராவிக் கப்பலில் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் சொல்லுங்கள். பாய்லர் அறையின் சூட்டில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் நிற்க முடியும், மாற்று ஆள் வரும்போது முதலில் என்ன கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது எனக்கும் சொல்லத் தெரியாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நானே வந்துவிடுகிறேன்.