முதல் புத்தகம் மெல்லியதாக இருக்கட்டும்

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போன என் தங்கை மகள் அங்கிருந்தே ஒரு படம் அனுப்பினாள். ஓர் இஸ்லாமியப் பதிப்பகத்தின் அரங்கு. மேல்தட்டில் தங்க எழுத்துப் போட்ட, புகாரி போன்ற ஹதீஸ் (நபிகளாரின் சொல், செயல் பற்றிய செய்தி) தொகுப்புகள், நடுவில் கனமான குர்ஆன் மொழிபெயர்ப்புகள், கீழ்த்தட்டில் சின்னச் சின்னப் புத்தகங்கள். "பெரியம்மா, மார்க்கத்தை ஒழுங்காகப் படிக்கணும். ஹாஸ்டல் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. புகாரி முதல் பாகம் வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

"இப்போது வேண்டாம்மா, கீழ்த்தட்டைப் பார்" என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். அரங்கின் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இதே கேள்வியை வேறு சில பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் மார்க்கக் கல்வி முடித்த ஆலிமா இல்லை. எங்கள் ஊர் மக்தபில், அதாவது பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுத்தரும் இடத்தில், பதினோரு வயது வரை ஓதினேன். குர்ஆனை ஒரு முறை முடித்தேன், கலிமாக்களும் துஆக்களும் மனப்பாடம். பொருள் யாரும் சொல்லவில்லை. வயதுக்கு வந்ததும் ஓதப் போவது நின்றது. அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்கு மேல் பெண்பிள்ளைகள் படிக்க இடமில்லை. முப்பத்து நான்கு வயதில், இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, தொழுகையில் நான் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லையே என்ற வேதனை வந்தது. அப்போதுதான் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன். வாங்கிய முதல் புத்தகம் புகாரி.

குர்ஆனுக்கு அடுத்தபடி ஆதாரத்தில் உயர்ந்தது ஸஹீஹுல் புகாரி, ஆகவே அதிலிருந்து தொடங்குவோம் என்று நினைத்தேன். அதன் தகுதி பற்றி நான் நினைத்தது சரி. அதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று நினைத்ததுதான் தவறு. திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்தால் அதில் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் இருக்கின்றன. ஒரே செய்தியை இமாம் புகாரி பல இடங்களில் கொண்டுவருவார், சில இடங்களில் அதில் ஒரு துண்டை மட்டும் வைப்பார். ஒவ்வொன்றுக்கும் மேலே அவர் போட்டிருக்கும் தலைப்பில்தான் அவருடைய சட்ட ஆய்வு இருக்கிறது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அந்தத் தலைப்புகளைத் தாண்டித் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஸஹீஹ் முஸ்லிம் என்ற இன்னொரு பெரிய ஹதீஸ் தொகுப்பு. அதில் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. நெருப்பில் சமைத்ததைச் சாப்பிட்டால் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிக்கொள்ளும் தூய்மை) செய்யுங்கள் என்ற ஹதீஸை ஓர் இரவு படித்தேன். படித்த இடத்தில் அடையாளம் வைத்து மூடினேன். மறுநாள் சின்னவனுக்குக் காய்ச்சல், பத்து நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அந்தப் பத்து நாளும் டீ குடித்தாலும் இட்லி சாப்பிட்டாலும் புதிதாக ஒளு செய்தேன். இத்தனை வருடம் ஒளு இல்லாமல் தொழுதுவிட்டோமே என்று அழுதேன். பிறகு புத்தகத்தைத் திறந்தால், அடுத்த பாடமே நபி (ஸல்) அவர்கள் ஆட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டுப் புதிதாக ஒளு செய்யாமல் தொழுதார்கள் என்று தொடங்குகிறது. முதலில் சொன்ன சட்டம் பின்னால் மாற்றப்பட்டது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து முறை தெரியாமல் வாசித்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். புத்தகத்தின் மேல் தவறே இல்லை. அது எனக்காக எழுதப்பட்ட புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் என்றால் என்ன செய்வார்? இதை இப்போது படி, அதை அப்புறம் படி, இது உனக்கு இன்றைக்குத் தேவையில்லை என்று சொல்வார். எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தவர்தான் ஆசிரியர். பெரிய தொகுப்புகள் எதையும் விடுவதில்லை, அவற்றின் வேலையே சேர்த்துவைப்பதுதான். நல்ல அறிஞர் ஒருவர் ஆரம்ப மாணவருக்கென்று எழுதிய சின்னப் புத்தகத்தில் எதை விடுவது, எதை எடுப்பது என்ற தேர்வை அவரே செய்துவைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாதவருக்கு அந்தத் தேர்வுதான் ஆசிரியர். அதனால்தான் மெல்லிய புத்தகத்தை எடு என்று சொல்கிறேன். படிக்கச் சோம்பல்பட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

இமாம் நவவியை எடுத்துக்கொள்ளுங்கள். டமாஸ்கஸுக்குத் தெற்கே நவா என்ற ஊரில் பிறந்தவர், 1277இல் நாற்பதுகளின் நடுவிலேயே இறந்துவிட்டார். ஸஹீஹ் முஸ்லிமுக்குப் பல பாகங்களில் விரிவுரை எழுதியவர் அவர். ஷாஃபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) நூல்களில் இன்றும் மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜ் அவருடையது. ஆயிரக்கணக்கான ஹதீஸ்களைக் கரைத்துக் குடித்த அந்த மனிதர், மார்க்கத்தின் அடித்தளங்கள் எவை என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தது 42 ஹதீஸ்கள். புத்தகத்தின் பெயர் 'நாற்பது ஹதீஸ்', உள்ளே இருப்பது 42. தமிழில் விளக்கத்தோடு கிடைக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்று படித்தால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். நான் புகாரியின் முதல் பாகத்தோடு மல்லுக்கட்டிய இரண்டு வருடத்தில் என் மனத்தில் தங்கியதைவிட, இந்தச் சின்னப் புத்தகத்தின் முதல் பத்து ஹதீஸில் தங்கியது அதிகம்.

அடுத்தது ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம். இங்கேதான் தனியாகப் படிப்பவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். நான் ராவுத்தர் வீட்டுப் பெண், எங்கள் பக்கம் ஹனஃபி மத்ஹப். வாழ்க்கைப்பட்டது ராமநாதபுரம் கடற்கரை, அங்கே ஷாஃபிஈ. கல்யாணமான புதிதில் ஒளு செய்துவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன், விரல் பட்டுவிட்டது. மறுபடி ஒளு செய்யப் போனார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் கணவன் மனைவி தோல் பட்டால் ஒளு முறியும், ஹனஃபியில் முறியாது என்று மாமிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். அதே போல் காயத்திலிருந்து ரத்தம் வழிந்தால் எங்கள் வழக்கத்தில் ஒளு போய்விடும், அவர்களுக்குப் போகாது. இரண்டு பக்கமும் குர்ஆனையும் ஹதீஸையும் ஆராய்ந்து வந்த முடிவுகள்தான். ஆனால் எந்த மத்ஹப் என்று பார்க்காமல் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிப் படித்தால், ஒன்றில் முறியும், இன்னொன்றில் முறியாது, கடைசியில் தொழுகையில் நிற்கும்போதே சந்தேகம்தான் மிஞ்சும்.

ஆகவே உங்கள் வீட்டில், உங்கள் பள்ளிவாசலில் எந்த முறையோ அந்த முறையில் ஒரே ஒரு புத்தகம். தூய்மை, தொழுகை, நோன்பு, ஜகாத் இவ்வளவு இருந்தால் போதும். மற்றதைத் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம். மதரஸாவில் ஹனஃபி மாணவர்கள் ஓதும் நூருல் ஈளாஹ் போன்ற பாடநூல்கள் சுருக்கமானவைதான், ஆனால் அவை உஸ்தாத் (ஆசிரியர்) பக்கத்தில் இருந்து விரித்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஒரு வரிக்குள் நாலு நிபந்தனை இருக்கும். தனியாகப் படிப்பவர் அதன் வெறும் மொழிபெயர்ப்பை எடுக்காமல், தமிழில் விளக்கி எழுதப்பட்ட வணக்க வழிபாட்டுக் கையேட்டை எடுப்பதே நல்லது.

இதில் நம் முன்னோர் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். மாமியார் வீட்டு அலமாரியில் அரபுத்தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. எழுத்து அரபு, மொழி தமிழ். குர்ஆன் ஓதத் தெரிந்து, தமிழ் எழுத்து தெரியாமல் இருந்த நம் பாட்டிமார் அவற்றைத் தாங்களாகவே வாசிக்க முடிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மகானீ, பத்ஹுத் தய்யான் போன்ற சட்டநூல்களை அந்த வடிவில் எழுதினார். யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதை முதலில் நினைத்துப் பார்த்து, அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்! புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நானும் அதைத்தான் பார்க்கிறேன். இதை எழுதியவர் என்னைப் போன்ற ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினாரா?

குர்ஆன் மொழிபெயர்ப்பு எல்லார் வீட்டிலும் இருக்கும். தமிழில் முதன்முதலாக முழுமையாக மொழிபெயர்த்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் பிரதி எங்கள் அத்தா வைத்திருந்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. தாராளமாக வாசியுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பாடமாகப் படிப்பதாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போவது சிரமம். இரண்டாவது சூராவான (அத்தியாயமான) அல்பகராவில் 286 வசனங்கள். விவாகரத்து, கடன் பத்திரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். குர்ஆன் இறங்கிய வரிசை வேறு, நம் கையில் இருக்கும் வரிசை வேறு. குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்விலிருந்து, நாம் தொழுகையில் ஓதுகிற சின்ன சூராக்களிலிருந்து, ஒரு சிறிய விரிவுரையோடு தொடங்கலாம். போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்ற 4:43ஐ (நான்காவது சூரா, 43ஆவது வசனம்) மட்டும் படித்த ஒருவர், அப்படியானால் மற்ற நேரத்தில் குடிக்கலாமா என்று என்னிடம் உண்மையாகவே கேட்டார். 5:90இல் மது முழுமையாகத் தடுக்கப்பட்டது பிறகு வந்தது என்று காட்டியதும்தான் அவருக்குத் தெளிந்தது.

அந்த முன்பின் தெரிவதற்காகத்தான் நபிகளாரின் வரலாற்றைக் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஸபிய்யுர் ரஹ்மான் முபாரக்பூரி எழுதி, உலக முஸ்லிம் லீக் நடத்திய போட்டியில் முதல் பரிசு பெற்ற நூல் தமிழில் 'ரஹீக்' என்று கிடைக்கிறது. கொஞ்சம் பெரியதுதான். கோத்திரப் பெயர்களும் படைகளின் கணக்கும் வரும் இடங்களை முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துவிடலாம். சீறாப்புராணம் படிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தமிழுக்காக அவசியம் படியுங்கள். ஆனால் அது காவியம். 5027 பாடல்களுக்குப் பிறகும் நபிகளாரின் கடைசிக் காலம் அதில் வராது.

வாங்கும்முன் கடையிலேயே ஐந்து நிமிடம் புரட்டிப் பாருங்கள். எழுதியவர் யார், எங்கே ஓதியவர் என்று இருக்கிறதா? ஹதீஸ் என்று சொன்னால் எந்தத் தொகுப்பு, எத்தனையாவது எண் என்று இருக்கிறதா? அதைவிட முக்கியமாக, யாரைத் திட்டுகிறது என்று பாருங்கள். ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா, இவர் வழிகேடர், அவர் வழிகேடர் என்று பக்கம் பக்கமாகப் போகும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். குர்ஆனின் முதல் சூராவான அல்ஃபாத்திஹாவின் பொருளைக் கற்பதற்கு முன் சக முஸ்லிமோடு சண்டை போடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோயிருக்கிறேன். அந்த வாதங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆரம்பப் பாடம் ஆகாது.

ஒன்றை மட்டும் புத்தகத்தை நம்பிச் செய்யாதீர்கள். குர்ஆன் ஓதுவது. அரபியைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த யாசீன் கிதாபை வைத்துக்கொண்டு ஓதப் பழக முடியாது. அரபியில் உள்ளத்துக்கு ஒரு சொல், நாய்க்கு ஒரு சொல், முதல் எழுத்து மட்டும்தான் வேறு. தமிழில் இரண்டையும் 'கல்ப்' என்றுதான் எழுத முடியும். நாக்கு எங்கே பட வேண்டும் என்பதை வாயைப் பார்த்துத்தான் கற்க முடியும். வாரம் அரை மணி நேரம் ஒருவரிடம் ஓதிக் காட்டுங்கள், வீடியோ அழைப்பில் என்றாலும் பரவாயில்லை. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால், படிக்கும்போது வரும் சந்தேகங்களையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து அவரிடமே கேட்கலாம்.

சரி, என் தங்கை மகள் கடைசியில் நாற்பது ஹதீஸையும் ஒரு தொழுகைக் கையேட்டையும் வாங்கினாள். நேற்று இரவு இரண்டாவது ஹதீஸைக் கோடு போட்டு அனுப்பியிருந்தாள். வெள்ளை உடையில் ஒருவர் வந்து நபிகளாரின் முன் முழங்காலோடு முழங்கால் சேர உட்கார்ந்து இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் வானவர் ஜிப்ரீல், உங்கள் மார்க்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்கிறார்கள்.

"பெரியம்மா, அவர் கேள்வி மட்டும்தானே கேட்டார்? பதில் சொன்னது நபிதானே? அப்புறம் எப்படி அவர் கற்றுக்கொடுக்க வந்தவர் ஆனார்?"

எனக்கு ஒரு பதில் தோன்றியது, ஆனால் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா, எங்கள் தெரு ஆலிமாவிடம் இரண்டு பேரும் போய்க் கேட்போம் என்று பதில் போட்டேன்.